மஞ்சள் சட்டை ஒன்று, ஆசான்கள் பலர்

2016ஆம் ஆண்டின் இந்தியன் சூப்பர் லீக் புள்ளிப் பட்டியலில் ஒரு விநோதம் இருக்கிறது. கேரளா பிளாஸ்டர்ஸ் 14 லீக் ஆட்டங்களில் அடித்த கோல்கள் 13. வாங்கியவை 15. அடித்ததைவிட வாங்கியது அதிகம். ஆனாலும் எட்டு அணிகளில் இரண்டாம் இடம், 22 புள்ளிகள். முதலிடம் பிடித்த மும்பையைவிட ஒரே ஒரு புள்ளிதான் குறைவு.

2021-22 பட்டியலுக்கு வாருங்கள். அதே மஞ்சள் சட்டை. 20 ஆட்டங்கள், 34 கோல்கள், 34 புள்ளிகள். பதினொரு அணிகளில் நான்காம் இடம்.

இரண்டு அணிகளும் இறுதிப் போட்டிவரை போயின. இரண்டும் 1-1 என்று முடிந்து பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றன. முதல் அணியின் பயிற்சியாளர் இங்கிலாந்தின் ஸ்டீவ் காப்பல். இரண்டாம் அணிக்கு செர்பியாவின் இவான் வுகோமனோவிச். ஒருவர் பூட்டிவைத்து ஜெயிக்கத் தெரிந்தவர், மற்றவர் பாய்ந்து பறிக்கச் சொன்னவர். கொச்சி மட்டாஞ்சேரியின் சாயாக்கடைகளில் இந்த இரண்டு பேரில் யார் உசத்தி என்ற வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. காப்பல் கட்சிக்காரர்களுக்கு வயது கொஞ்சம் கூடுதல். இவான் கட்சி இளசுகள்.

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகனாக எனக்குப் பிடித்தது காப்பலின் அணி. கோல் கீப்பருக்கு முன்னால் ஏரன் ஹியூஸ், செட்ரிக் ஹெங்பார்ட், சந்தேஷ் ஜிங்கன் நின்ற நிற்பே ஒரு தைரியம். ஆனால் ஒரு கிளப்புக்கு எது நல்லது என்று கேட்டால் என் பதில் வேறு. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கொச்சியை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? கொல்கத்தாவில் பெரிய கிளப்புகளுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. கோவாவுக்கும் கிளப் மரபு உண்டு. கொச்சியில் நடந்தது வேறு. 2014இல் பிறந்த ஒரே கிளப், கலூர் நேரு ஸ்டேடியம் என்ற ஒரே வீடு, மஞ்சப்படை என்ற ஒரே ரசிகர் கூட்டம். இவற்றை மாற்றாமல் பயிற்சியாளரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 2024-25 வரையிலான பதினொரு பருவங்களில் இங்கிலாந்து, நெதர்லாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின், செர்பியா, ஸ்வீடன் என்று ஆறு நாட்டுக்காரர்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். இடைக்காலமாகப் பொறுப்பேற்றவர்கள் தனி. பயிற்சியாளரின் பாணி ஓர் அணியை என்ன செய்யும் என்று படிக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இந்தியாவில் கிடைக்காது.

முதல் அத்தியாயம் டேவிட் ஜேம்ஸ். இங்கிலாந்தின் முன்னாள் கோல் கீப்பர். 2014இல் பயிற்சியாளரும் அவரே, கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவரும் அவரே. அந்த வருடம் 14 லீக் ஆட்டங்களில் அணி அடித்தது ஒன்பதே கோல்கள். அதை வைத்துக்கொண்டே நான்காம் இடம் பிடித்து அரையிறுதிக்கு வந்தார்கள். அரையிறுதியில் எதிரே சென்னையின் எஃப்.சி. கொச்சியில் 3-0 என்று கேரளா ஜெயித்தது. இனி சடங்குதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். டிசம்பர் 16 அன்று சென்னை நேரு ஸ்டேடியத்தில் நம் பையன்கள் அதே மூன்று கோலைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூடுதல் நேரம். கேரளாவில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயிருந்தார். பத்துப் பேரோடு பின்னால் குவிந்து நின்று, 117ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரு கோலில் இறுதிக்குப் போனார்கள். அன்று அரங்கில் இருந்த சென்னைக்காரர் யாரிடமும் இதைப் பற்றி இப்போதும் பேச்சுக் கொடுக்காதீர்கள். நான்கு நாள் கழித்து நவி மும்பையில் கொல்கத்தாவின் முகமது ரஃபீக் இஞ்சுரி டைமில் தலையால் முட்டிய பந்தில் கோப்பை போனது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐ.எஸ்.எல்.லின் முதல் மூன்று பருவங்களும் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தன. மொத்தமே பத்துப் பதினோரு வாரங்கள். அணியும் புதிது. ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கலாம். ஒருவரை ஒருவர் அறியாத இருபத்தைந்து பேரைக் கூட்டிவைத்துச் சில வாரங்களில் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? எங்கே நிற்பது என்று சொல்லிக்கொடுக்கலாம். தடுப்பாட்டம் பெரும்பாலும் நிற்கும் கலைதான். நான்கு பேர் ஒரு வரிசை, அவர்களுக்கு முன்னால் நான்கு பேர் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் இடையில் எதிரிக்கு இடம் கொடுக்காதே. பந்து இடது பக்கம் போனால் எட்டுப் பேரும் இடதுபக்கம் நகர். இதைச் சில வாரங்களில் உடம்பில் ஏற்றிவிடலாம். பந்தை இழந்த அடுத்த நொடியே நான்கு பேர் பாய்ந்து பறிக்கும் ஆட்டத்துக்கு மாதங்கள் வேண்டும். ஒருவன் ஓடி, பக்கத்தில் இருப்பவன் ஓடாமல் நின்றால் போதும், நடுக்களம் திறந்துகொள்ளும்.

ஆகவே ஜேம்ஸும் காப்பலும் பயந்து விளையாடினார்கள் என்று சொல்வது நியாயமில்லை. நாட்காட்டி கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். காப்பல் மான்செஸ்டர் யுனைடெட்டின் சிறகில் ஓடிய வீரர். பயிற்சியாளராக ரெடிங்கை இங்கிலாந்தின் முதல் பிரிவுக்குக் கூட்டிப்போனவர். தாக்கி ஆடத் தெரியாதவர் அல்ல. கொச்சியில் ஒரு கோல் அடி, பிறகு கதவைச் சாத்து என்று கணக்குப் போட்டார். பருவத்தின் நடுவில் பெங்களூருவிலிருந்து வந்து சேர்ந்த சி.கே. வினீத் ஐந்து கோல்கள் அடித்தார். மொத்தக் கோல்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அவருடையது. நவம்பரில் மும்பையிடம் 0-5 என்று நொறுங்கிய ஓர் இரவை எடுத்துவிட்டால் மற்ற 13 ஆட்டங்களில் வாங்கியது பத்துதான். டிசம்பர் 18 இறுதிப் போட்டி கலூரிலேயே நடந்தது. முகமது ரஃபி தலையால் முட்டி முதல் கோல், சில நிமிடங்களில் கொல்கத்தாவின் பதில் கோல், பிறகு பெனால்டி. சொந்த மைதானத்தில், நிரம்பி வழிந்த மஞ்சளுக்கு நடுவே தோல்வி.

இங்கே சற்று நின்று மட்டாஞ்சேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கால்பந்து என்றதும் தமிழ் வாசகர்களுக்குக் கேரளத்தில் நினைவுக்கு வருவது மலப்புறம். கொச்சியின் மேற்குக் கரை அதற்கு இளைத்ததல்ல. மட்டாஞ்சேரியின் மசாலா மண்டிகளைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிக்குள் நுழைந்தால் பரேடு கிரவுண்ட். வெள்ளைக்காரன் அணிவகுப்பு நடத்திய திடல். அங்கே பல பத்தாண்டுகள் விடியற்காலையில் விசிலோடு நின்றவர் ரூஃபஸ் டிசூசா. எந்தக் கிளப்பின் கோப்பை அலமாரியிலும் அவர் பெயர் இருக்காது. இந்தக் கரையில் பந்து தொட்ட தலைமுறைகள் பல அவர் கையில் உருவானவை. கொஞ்சம் தள்ளி வெளி பகுதியில் தோபிகானா. அங்கே தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுப்பவர்கள் தமிழ்க் குடும்பத்தினர். கலூரில் ஆட்டம் இருக்கும் நாளில் அந்தச் சந்துகளிலும் மஞ்சள் சட்டைகள் நடமாடும்.

டி.ஏ. ஜாஃபர் இந்தக் கரையில் இருந்து போனவர். 1973 டிசம்பர் 27 அன்று எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரளா முதல்முறையாகச் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியபோது அவர் துணைக் கேப்டன். ரயில்வேஸ் அணியை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் மூன்று கோல்களும் கேப்டன் மணி அடித்தவை. அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடிய சைமன் சுந்தரராஜ். நம் தமிழ்நாட்டுக்காரர். மணியின் ஹாட்ரிக் கேரளத்தில் கதையாக, பாட்டாகப் பேசப்படுகிறது. அதை ஆட வைத்த தமிழரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் தலை குனியத்தான் வேண்டும்.

துணைக் கேப்டன் ஜாஃபர் பிறகு பயிற்சியாளர் ஆனார். 1992இல் நம் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என்று வென்று கேரளா கோப்பையைக் கொண்டுபோனபோதும், 1993இல் கொச்சியில் மகாராஷ்டிராவை 2-0 என்று வென்றபோதும் அணியின் பயிற்சியாளர் அவரே. அந்த அணிகளின் முதுகெலும்பு கேரள போலீஸ் வீரர்கள். வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ. வருடம் முழுக்க ஒன்றாக ஆடியவர்கள். இப்படிப்பட்ட வீரர்கள் கையில் கிடைக்கும் பயிற்சியாளருக்கு வேலையே வேறு. புதிதாக ஒரு பாணியைத் திணிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒத்திசைவைக் கெடுக்காமல் இருப்பதே பெரிய திறமை. இதை எளிது என்று நினைக்க வேண்டாம். தன் முத்திரையைப் பதிக்காமல் இருக்க எத்தனை பயிற்சியாளர்களால் முடியும்?

சர் அலெக்ஸ் ஃபெர்குசனின் உதவியாளராக மான்செஸ்டரில் இருந்த ரெனே மியூலன்ஸ்டீன் 2017இல் கொச்சிக்கு வந்தபோது கொண்டுவந்தது முத்திரைதான். பந்தைப் பின்னாலிருந்து பாஸ் செய்து முன்னேறும் ஆட்டம். பெர்பதோவ், வெஸ் பிரவுன் என்று பெரிய பெயர்கள். ஏழு ஆட்டங்களில் ஒரே வெற்றி, ஏழு புள்ளிகள். 2018 பிறந்தவுடன் அவர் கிளம்பிவிட்டார். திரும்ப வந்தார் டேவிட் ஜேம்ஸ். மீதி 11 ஆட்டங்களில் 18 புள்ளிகள். பார்த்தீர்களா, ஆட்டத்தை எளிமையாக்கினால் போதும் என்று பலர் மார்தட்டினார்கள். நடுக்களத்தைத் தாண்டி நெஞ்சுக்கு உயரப் பந்து அனுப்பும் அந்த எளிமையைப் பெர்பதோவ் பருவம் முடிந்ததும், பயிற்சியாளரின் பெயரைச் சொல்லாமல், சமூக ஊடகத்தில் கிழித்தார்.

அடுத்த பருவத்தில் அதே ஜேம்ஸ், அதே எளிமை. 12 ஆட்டங்களில் ஒரே வெற்றி. மும்பையில் 1-6 என்று தோற்ற பின் டிசம்பரில் விடைபெற்றார். போர்ச்சுகலின் நெலோ விங்காடா வந்தும் அணி ஒன்பதாம் இடத்தில்தான் முடித்தது. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. அந்த இரண்டில் ஒன்று சென்னையை 3-0 என்று அடித்தது என்பதை வேண்டாவெறுப்பாகப் பதிவு செய்கிறேன்.

என்ன நடந்தது? 2017இலிருந்து லீக் நீண்டுவிட்டது. பருவம் நான்கு மாதத்துக்கு மேல். எதிரணிகள் உங்கள் ஆட்டத்தைக் காணொளியில் பார்த்துப் பிரித்துப் போட நேரம் கிடைத்தது. வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கையும் களத்தில் ஐந்தாகக் குறைந்து, 2021இல் நான்கு ஆனது. பதினோரு பேரில் ஏழு பேர் இந்தியர்கள் என்றால், இந்திய இளைஞனுக்கு எதையாவது கற்றுத்தரத் தெரிந்தவன்தான் பிழைப்பான். விலைக்கு வாங்கிய இரண்டு வெளிநாட்டுத் தடுப்பாட்டக்காரர்களை நம்பிப் பருவத்தை ஓட்டிய காலம் முடிந்தது.

நெதர்லாந்தின் ஈல்கோ ஷாட்டோரி 2019-20இல் வந்து கோல் மழை பொழிய வைத்தார். நைஜீரியாவின் ஒக்பெச்சே மட்டும் 15 கோல்கள். அணி 29 அடித்தது, 32 வாங்கியது, ஏழாம் இடம். பார்க்க அழகு, புள்ளி சேரவில்லை. அவரையும் அனுப்பிவிட்டு, மோகன் பாகானுக்கு ஐ-லீக் வாங்கிக் கொடுத்த ஸ்பெயின்காரர் கிபு விகுனாவைக் கொண்டுவந்தார்கள். கொல்கத்தாவில் அழகாக வேலை செய்த அதே பாஸிங் ஆட்டம், இங்கே 20 ஆட்டங்களில் 36 கோல்கள் வாங்கிப் பத்தாம் இடத்தில் முடிந்தது. கடைசி ஆட்டங்களுக்கு முன்பே அவர் போய்விட்டார். ஓர் ஆண்டு முன்பு சாம்பியன் ஆக்கியவர். அவர் பாணி கெட்டுப்போகவில்லை. அதை ஆடத் தெரிந்த கால்கள் கூட வரவில்லை, அவ்வளவுதான்.

2021 நவம்பரில் இவான் வுகோமனோவிச்சின் முதல் ஆட்டம். மோகன் பாகானிடம் 2-4. இன்னொரு வருடம் போச்சு என்றுதான் மட்டாஞ்சேரி தலையில் கைவைத்தது. அதற்கடுத்த பத்து ஆட்டங்களில் அணி தோற்கவில்லை. கொரோனாவால் லீக் முழுவதும் கோவாவில் பூட்டிய அரங்குகளில் நடந்தது. தொலைக்காட்சியில்தான் இந்த அதிசயத்தைப் பார்த்தார்கள். மும்பைக்கு மூன்று, சென்னைக்கு மூன்று.

இவான் செய்தது என்ன? பழைய 4-4-2தான். முன்னால் அல்வாரோ வாஸ்கெஸ், ஹோர்ஹே பெரெய்ரா தியாஸ் என்று இரண்டு பேர். கோல் அடிப்பது அவர்களுடைய வேலையில் பாதிதான். எதிரணித் தடுப்பாட்டக்காரன் காலில் பந்து வந்தவுடன் இருவரும் பாய வேண்டும். அவன் பதறிப் பக்கத்தில் தள்ளும் பந்தை அட்ரியான் லூனாவோ சஹல் அப்துல் சமதோ பறிக்க வேண்டும். பின்னால் ஹோர்மிபாம், ஜீக்சன் சிங், புய்டியா, கோல் கீப்பர் பிரப்சுகன் கில் என்று பெயர் தெரியாத பையன்கள். கில் அந்த வருடம் தங்கக் கையுறை வாங்கினார். ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோவாவில் அந்த வருடம் எந்த அணிக்கும் விமானப் பயணம் இல்லை. மூன்று நாளில் கொச்சியிலிருந்து குவாஹாத்தி போய் ஆட வேண்டிய அவசியமும் இல்லை. ஓடிப் பறிக்கும் ஆட்டத்துக்குப் பயணமில்லாத ஒரு பருவம் பெரிய வரம். அரங்கம் திறந்து, ஊர் ஊராகப் பறந்து ஆடத் தொடங்கிய பிறகு இவானின் அணி கொச்சியில் புலி, வெளியூரில் பூனை. கடலோரக் கொச்சியின் புழுக்கத்தில் 70 நிமிடம் விரட்டி விரட்டி ஓடுவது எதிரணிக்கும் சிரமம்தான். ஆனால் அந்தப் புழுக்கத்திலேயே பயிற்சி எடுப்பவனுக்கு அது பழக்கம்.

அரையிறுதியில் எதிரே ஜாம்ஷெட்பூர். 43 புள்ளிகளோடு லீக் கேடயத்தை வாங்கிய அணி. பயிற்சியாளர் ஸ்காட்லாந்தின் ஓவன் காயில். சென்னை ரசிகர்களுக்குப் பழக்கமான பெயர். அவரிடம் பிறகு வருவோம். சஹலின் ஒரு கோல், லூனாவின் ஒரு கோல். மொத்தம் 2-1 என்று கேரளா இறுதிக்குப் போனது. 2022 மார்ச் 20, ஃபதோர்தா. ராகுல் கே.பி. அடித்து முன்னிலை, 88ஆவது நிமிடத்தில் ஹைதராபாத்தின் சாஹில் தவோரா சமன் செய்தார். ஷூட்-அவுட்டில் கட்டிமணி மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். மூன்றாம் இறுதி, மூன்றாம் தோல்வி.

பயிற்சியாளரின் குணமும் பாணியில் அடக்கம் என்பதற்குச் சாட்சி 2023 மார்ச் 3. பெங்களூரு கண்டீரவாவில் பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தின் 96ஆவது நிமிடம். கேரள வீரர்கள் சுவர் கட்டி முடிக்குமுன் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்துவிட்டார். நடுவர் கோல் என்றார். இவான் தன் அணியை மைதானத்தைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை. ரசிகர்கள் அவரை ஆசான் என்று கொண்டாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்டத்தில் அரைமணி நேரத்துக்கு அருகில் மிச்சம் இருந்தது. ஒரு கோல்தான் வித்தியாசம். களத்தில் ஆவேசம் ஊட்டியவர், அந்த ஆவேசத்துக்குத் தானே இரையானார்.

அந்தத் தடையால் தெரியவந்த இன்னொன்று சுவையானது. 2023-24இன் முதல் நான்கு லீக் ஆட்டங்களில் இவான் பெஞ்சில் இல்லை. உதவியாளர் ஃபிராங்க் டாவன் பொறுப்பில் அணி இரண்டை வென்று, ஒன்றைச் சமன் செய்தது. ஆசான் இல்லாமலும் ஆட்டம் ஓடியது. ஒரு பாணி உடம்பில் ஏறிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று? டிசம்பர் இறுதியில் மோகன் பாகானை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று வென்று பட்டியலில் முதலிடம். ஆனால் லூனா காயம்பட்டு வெளியேறியிருந்தார். புத்தாண்டுக்குப் பிறகு சரிவு. டிமிட்ரியோஸ் டயமன்டகோஸ் 13 கோல்கள் அடித்துத் தங்கக் காலணி வாங்கியும் ஐந்தாம் இடம். பிளே-ஆஃபில் ஒடிஷாவிடம் தோல்வி. 2024 ஏப்ரலில் இவான் பிரிந்தார். மூன்று பருவம், மூன்றிலும் பிளே-ஆஃப், கோப்பை இல்லை.

அடுத்து நடந்தது ஒரு சோதனைக்கூடச் சோதனை போலவே அமைந்தது. ஸ்வீடனின் மிகேல் ஸ்டாரே 2024-25 பருவத்தின் முதல் 12 ஆட்டங்களை நடத்தினார். பாதியில் அவரை நீக்கிவிட்டு, கேரளத்துக்காரரான டி.ஜி. புருஷோத்தமனிடம் இடைக்காலமாக அணியைக் கொடுத்தார்கள். கூட போலந்தின் தோமாஷ் சோர்ஸ். மீதியும் சரியாக 12 ஆட்டங்கள். வீரர்கள் ஏறக்குறைய அவர்களே.

ஸ்டாரேயின் கீழ் 19 கோல்கள் அடித்து 24 வாங்கினார்கள், 11 புள்ளிகள். புருஷோத்தமனின் கீழ் 14 அடித்து 13 வாங்கினார்கள், 18 புள்ளிகள். கோல்கள் குறைந்தன, புள்ளிகள் கூடின. ஜனவரி 5 அன்று பஞ்சாப் அணிக்கு எதிராக இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஒன்பது பேராக நின்று 1-0 என்று ஜெயித்தார்கள். நோவா சதவுய் அடித்த பெனால்டி. அன்று காப்பல் கட்சிக்காரர்கள் தெருவில் நிமிர்ந்து நடந்திருப்பார்கள். ஆனாலும் அணி முடித்தது எட்டாம் இடத்தில்தான். தடுப்பாட்டம் விழுந்துகொண்டிருக்கும் அணியை நிறுத்தும். மேலே ஏற்ற அதனிடம் அந்தப் பருவத்தில் மருந்து இல்லை.

இனி நம் ஊர்க் கதை. சென்னையின் எஃப்.சி. 2017-18இல் ஜான் கிரெகரியின் பயிற்சியில் சாம்பியன். பெங்களூருவில் நடந்த இறுதியில் 3-2. மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் இருந்து தலையால் முட்டியே இரண்டு கோல்கள். கட்டுக்கோப்பு, கார்னர், பொறுமை, இதுதான் கிரெகரி. மறு வருடம் அதே மனிதர், அதே முறை. 18 ஆட்டங்களில் ஒன்பது புள்ளிகள், கடைசி இடம். 2019-20இலும் அவரே தொடர்ந்தார். முதல் ஆறு ஆட்டங்களில் நான்கு கோல்கள், ஐந்து புள்ளிகள். நவம்பர் இறுதியில் ராஜினாமா. வந்தார் ஓவன் காயில். மீதி 12 ஆட்டங்களில் 28 கோல்கள், 24 புள்ளிகள். கிரிவெல்லாரோவை நடுவில் சுதந்திரமாக விட்டார். சாங்டேயைக் கோட்டோரமாகப் பறக்கவிட்டார். வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்தார். அரையிறுதியில் கோவாவை மொத்தக் கணக்கில் 6-5 என்று தாண்டி, ஆளில்லாத ஃபதோர்தாவில் நடந்த இறுதிவரை போனார்கள்.

அப்படியென்றால் காயிலின் பாணிதான் சிறந்தது, கதை முடிந்தது என்பீர்கள். 2023இல் அதே காயில் சென்னைக்குத் திரும்பினார். முதல் பருவம் ஆறாம் இடம். 2024-25இல் பதினோராம் இடம். மனிதர் மாறவில்லை. அவர் 2019இல் பெற்ற கிரிவெல்லாரோ-வால்ஸ்கிஸ் ஜோடி இந்த முறை அவர் கையில் இல்லை. கிரெகரியின் கதையும் காயிலின் கதையும் ஒன்றுதான். பாணி என்பது பயிற்சியாளரின் தலையில் இருக்கும் சரக்கு மட்டும் அல்ல. அந்த வருடம் அவர் கைக்குக் கிடைக்கும் கால்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

இந்தியாவின் மிகப் பெரிய பாணி மோதல் கொல்கத்தாவில் நடந்தது. 1997 ஜூலை 13, சால்ட் லேக், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பாகானின் அமல் தத்தா தன் டைமண்ட் வியூகத்தோடு நாட்டையே பேச வைத்திருந்தார். எதிரே ஈஸ்ட் பெங்காலின் பி.கே. பானர்ஜி. வியூகத்தைவிட வீரனின் மனதைத் தூண்டிவிடும் பேச்சில் நம்பிக்கை வைத்தவர். அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார், 4-1. டைமண்ட் நொறுங்கியது என்று எழுதினார்கள். பலர் எழுத மறந்தது அதன் பின்கதையை. அமல் தத்தா போன பிறகு அதே மோகன் பாகானை எடுத்து 1997-98 தேசிய லீக்கை வாங்கிக் கொடுத்தவர் சாலக்குடிக்காரரான டி.கே. சாத்துண்ணி. கேரள போலீஸுக்கு 1990 ஃபெடரேஷன் கோப்பையை வாங்கிக் கொடுத்த அதே சாத்துண்ணி. இத்தகைய பயிற்சியாளர்கள் இருந்த மாநிலத்தில், 2014க்குப் பிறகு ஒரு மலையாளியை முழுப் பருவத்துக்கு நம்ப பிளாஸ்டர்ஸுக்கு மனம் வரவில்லை. புருஷோத்தமனுக்குக் கிடைத்ததும் பாதிப் பருவம்தான், அதுவும் தீ பிடித்த பிறகு.

உள்ளூர்ப் பயிற்சியாளரால் என்ன முடியும் என்பதற்கு 2022 சந்தோஷ் கோப்பை அரையிறுதி போதும். மஞ்சேரி பய்யநாடு அரங்கு, கர்நாடகா முதல் கோல் அடித்துவிட்டது. பயிற்சியாளர் பினோ ஜார்ஜ் இடைவேளைக்குக் காத்திருக்கவில்லை. அரைமணி நேரத்திலேயே ஜெசினை இறக்கினார். இடைவேளைக்குள் ஜெசின் ஹாட்ரிக், மொத்தம் ஐந்து கோல்கள், 7-3. இறுதியில் வங்காளம் கூடுதல் நேரத்தில் முந்தியது; மாற்று வீரர் சஃப்னாத் தலையால் முட்டிச் சமன் செய்தார்; பெனால்டியில் 5-4. அந்தப் பையன்களின் பலம், பலவீனம், யாரை எந்த நிமிடத்தில் இறக்கினால் வேகம் எடுப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வெளிநாட்டுக்காரருக்கு ஒரு பருவம் ஆகும். அந்த ஒரு பருவத்தைக்கூடப் பிளாஸ்டர்ஸ் பலருக்கு முழுதாகக் கொடுத்ததில்லை.

என் தீர்ப்பு இதுதான். காப்பலா இவானா என்ற கேள்வியே தவறு. பதினோரு வாரப் போட்டிக்குக் காப்பல் சரி. ஐந்து மாத லீக்குக்கு, ஏழு இந்தியர்களை வைத்து ஆட, இவான் சரி. 2016க்குப் பிறகு நான்கு பருவங்கள் பிளே-ஆஃபை எட்டிப் பார்க்காத கிளப்பைத் தொடர்ந்து மூன்று முறை அங்கே கொண்டுபோனவர் இவான். மூன்று வருடம் தொடர விட்டதும் அவரை மட்டும்தான். இந்த இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து நடந்தவை என்று நான் நம்பவில்லை. பாணியை மாற்றும்போதெல்லாம் அந்தப் பாணிக்கு வாங்கிய வீரர்கள் வீணாகிறார்கள். பாஸிங் ஆட்டத்துக்கு வாங்கிய நடுக்கள வீரன் அடுத்த வருடம் நீளப் பந்து ஆட்டத்தில் தலைக்கு மேல் பறக்கும் பந்தை வேடிக்கை பார்க்கிறான். காசும் போகிறது, வருடமும் போகிறது.

சென்னை ரசிகர்களே, நமக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு முறை சாம்பியன் ஆன நம் அணி 2024-25இல் பதினொன்றாம் இடத்தில் முடித்தது. அடுத்த தோல்விக்குப் பிறகு பயிற்சியாளரை மாற்று என்று கோஷம் போடுமுன், இந்த மனிதருக்கு எத்தனை மாதம் கொடுத்தோம், அவர் கேட்ட வீரர்களில் எத்தனை பேரை வாங்கிக் கொடுத்தோம் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். பதினோரு பருவங்கள், மூன்று இறுதிப் போட்டிகள், கோப்பை ஒன்றுகூட இல்லை. 2024-25 முடிந்தபோது பிளாஸ்டர்ஸின் கணக்கு அது.